உண்ட சோறும் உயர்ந்த கோபுரமும்

(குருபோங்கில் நடைபெற்ற அறநிதி ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



"ஏழையாய்க் கப்பலேறி வந்து முன்னேறிய ஒருவரைப் பற்றிப் பேசுங்கள் ஐயா, பிள்ளைகள் கேட்டுப் பயனடையட்டும்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். அப்படிப்பட்ட ஒருவர் நம் பக்கத்து ஊரான சிங்கப்பூரில் வாழ்ந்தார். தைப்பூசத்திற்குச் சிங்கப்பூர் போய் வந்தவர்கள் அவர் பெயரைப் பார்த்திருப்பீர்கள். சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்துதான் அங்கே காவடிகள் புறப்படுகின்றன. அந்தக் கோயில் வளாகத்திலுள்ள திருமண மண்டபம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர்தான் பி. கோவிந்தசாமி பிள்ளை. சிங்கப்பூர் மக்கள் அவரைச் சுருக்கமாகப் பி.ஜி.பி. என்றே அழைத்தார்கள்.

தஞ்சை மாவட்டத்தில், மாயவரத்துப் பக்கம், 1887-ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். 1905-இல் சிங்கப்பூரில் வந்து இறங்கினார். அன்று அவருக்கு வயது பதினெட்டு. கையில் பணமில்லை. படிப்பைக் காட்டி வேலை கேட்கும் நிலையும் இல்லை. சிராங்கூன் சாலையில் ஒரு மளிகைக் கடையில் சேர்ந்தார். சம்பளம் எவ்வளவு தெரியுமா? சம்பளமே கிடையாது! சாப்பாடும் படுக்க இடமும்தான்.

இளைஞர்களே, இதைக் கேட்டதும் "இப்படியும் வேலை வாங்குவார்களா?" என்று உங்களுக்குக் கோபம் வரலாம். அது நியாயமான கோபமே. ஆனால் அந்தப் பையன் அங்கே வேறொன்றைச் சம்பாதித்தான். எந்தச் சரக்கு எங்கிருந்து வருகிறது, எந்த மாதத்தில் விலை ஏறும், யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக்கூடாது என்பதெல்லாம் கடையில் நின்றால்தானே தெரியும்! அந்தத் தொழிலறிவை வைத்துக்கொண்டு, பின்னாளில் கடன் வாங்கி, ஒரு மளிகைக் கடையைத் தமதாக்கிக்கொண்டார். அதற்குப்பின் துணிக்கடைகள் வந்தன. மாவு மில்லும் மசாலா அரைக்கும் மில்லும் வந்தன. சேலை என்றாலும் மிளகாய்த் தூள் என்றாலும் பி.ஜி.பி. கடைக்குப் போ என்று சொல்லும் காலம் வந்தது. 1935-இல் சிங்கப்பூர் இந்தியர் வர்த்தகச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். 1939-இல் அரசு அவருக்குச் சமாதான நீதிபதி என்னும் ஜே.பி. பட்டம் வழங்கியது.

சம்பாதித்ததை அவர் பூட்டி வைக்கவில்லை. இராமகிருஷ்ண மிஷனுக்கு வாரி வழங்கினார். பெருமாள் கோயில் திருமண மண்டபம் 1965-இல் திறக்கப்பட்டது. அதே கோயிலின் ஐந்து நிலை இராஜகோபுரம் அவருடைய பொருளுதவியால் எழுந்து, 1979-இல் குடமுழுக்குக் கண்டது. மறு ஆண்டே, 1980-இல், அவர் மறைந்தார். சோற்றுக்காக வேலை செய்த பையன் வந்திறங்கி எழுபத்து நான்கு ஆண்டுகள் கழித்து அந்தக் கோபுரம் நிமிர்ந்தது. அவருடைய கடைகள் இன்று இல்லை. கோபுரம் இருக்கிறது, மண்டபம் இருக்கிறது. அந்த மண்டபத்தில் மாலை மாற்றிக்கொண்ட தம்பதியர் எத்தனையோ பேர்!

அன்பர்களே, இத்தோடு முடித்து, "நீங்களும் உழையுங்கள், உயர்வீர்கள்" என்று சொல்லிவிட்டு அமர்ந்தால் கைதட்டுவீர்கள். ஆனால் என் மனம் ஒப்பவில்லை.

ஏனென்றால், உழைப்பு என்றால் என்ன என்று என் தாயாரைப் பார்த்து வளர்ந்தவன் நான். விடியுமுன் பெரட்டுக்குப் போனவர் அவர். இடுப்பில் பிள்ளை, கையில் வாளி, மழை வந்தால் பாலும் போச்சு, கூலியும் போச்சு. முப்பது ஆண்டுக்கு மேல் பால்மரம் வெட்டினார். தோட்டத்தை விட்டு வெளியேறியபோது லயத்து வீடுகூடச் சொந்தமில்லை. கோவிந்தசாமி பிள்ளையைவிட என் தாயார் குறைவாகவா உழைத்தார்? உங்கள் தாயும் தந்தையும் குறைவாகவா உழைத்தார்கள்? இல்லவே இல்லை!

அப்படியானால் வித்தியாசம் எங்கே? அவர் வந்து சேர்ந்தது கடைவீதி. அங்கே தொழிலைப் பழகலாம். பழகிய தொழிலை நம்பிக் கடன் கொடுக்க ஆளும் உண்டு. நம்மவர்கள் வந்து சேர்ந்தது தோட்டம். அங்கே கங்காணியிடம் பட்ட கடன்தான் முதலில் வந்து நின்றது. நாற்பது ஆண்டு மரம் வெட்டினாலும் அந்த மரம் வெட்டுகிறவனுக்குச் சொந்தமாகாது. ஆகவே உழைப்பு மட்டும் ஒருவனை உயர்த்திவிடுவதில்லை. உழைப்பவனுக்குக் கைகொடுக்க ஒரு கை வேண்டும். பிள்ளை அவர்களின் வாழ்க்கையில் முதலில் ஒரு வேளைச் சோறு, பிறகு ஒரு கடன் என்று இரண்டு தடவை அந்தக் கை நீண்டது.

நம் நாட்டிலும் அந்தக் கை நீண்டதுண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, தொழிலாளர்கள் தெருவுக்கு வந்த காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பெரிய பணக்காரர்களை நம்பி அவர் தொடங்கவில்லை. பால்வெட்டும் மக்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தைக் கொண்டு தோட்டங்களையே வாங்கினார். தனியொருவனால் முடியாததைக் கூடிச் செய்தால் முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மலாக்காவுக்கும் இது புதிதல்ல. தட்டார் தெருவில் இருக்கும் பொய்யாத விநாயகர் ஆலயம் 1781-இல் எழுந்தது. டச்சுக்காரர்கள் தெய்வநாயகம் செட்டியிடம் கொடுத்த நிலத்தில் அமைந்தது அது. அவர் அந்த நிலத்தைத் தமக்கென்று வைத்திருந்தால் இன்று அவர் பெயரை யார் நினைப்பார்? மாசி மகத்தில் இரதம் தட்டார் தெருவிலிருந்து செங் சன்னாசிமலைக்கு வரும்போது, நாமெல்லாம் தேங்காய் உடைத்துக் கும்பிடுகிறோமே, அதற்கு அடியில் பழைய கொடையாளிகளின் புண்ணியமும் இருக்கிறது.

இப்போது குருபோங்கைப் பாருங்கள். பால்மரம் நின்ற இடங்களில் தொழிற்சாலைகளும் தாமான்களும் எழுந்துவிட்டன. விளையாட்டரங்கமே வந்துவிட்டது. நம் பிள்ளைகள் சிலர் நன்றாகப் படித்து முன்னேறிவிட்டார்கள். சிலரோ பள்ளியைப் பாதியில் விட்டு, இன்று ஒரு வேலை, நாளை ஒரு வேலை என்று அலைகிறார்கள். அவர்களில் கார் பழுது பார்க்கத் தெரிந்தவன் இருக்கிறான். கருவி வாங்கப் பணமில்லை. அருமையாகப் பலகாரம் சுடும் பெண்கள் இருக்கிறார்கள். பெரிய அடுப்பு வாங்க வழியில்லை. வங்கிக்குப் போனால் ஈடு கேட்கிறார்கள். தெருவில் வட்டிக்காரன் ஈடு கேட்பதில்லை. ஆனால் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். இது நம் குடும்பங்களில் நடப்பது. மேடையில் பேசக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பேசாமலும் இருக்க முடியவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். அறநிதியின்கீழ் தொழில் உதவிக்கென்று தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்குங்கள். "கோயில் பணத்தை எடுத்துக் கடன் கொடுப்பதா?" என்று பெரியவர்கள் சிலர் கேட்டார்கள். அவர்கள் கேட்டது சரியே. அன்னதானத்திற்கென்று கொடுத்த பணம் அன்னதானத்திற்கே போகவேண்டும். திருப்பணிப் பணம் திருப்பணிக்கே. அதில் ஒரு காசும் தொடக்கூடாது. அதனால்தான் தனிக் கணக்கு என்கிறேன். விரும்புகிறவர்கள் அதற்கென்றே கொடுக்கட்டும். வட்டி வேண்டாம். பெற்றவன் தொழில் நிமிர்ந்ததும் திருப்பிச் செலுத்தட்டும். அதே வெள்ளி அடுத்த பிள்ளைக்குப் போகட்டும். வரவும் செலவும் ஆண்டுதோறும் இந்த மலரிலேயே அச்சாகட்டும். கணக்குத் தெளிவாக இருந்தால் கொடுக்கிறவன் கை தயங்காது.

சிலர் திருப்பித் தராமலும் போகலாம். அதையும் எண்ணித்தான் சொல்கிறேன். பத்துப் பேரில் சிலர் தவறினாலும், நிமிர்ந்த மற்றவர்கள் நாளை இந்த மண்டபத்தில் நன்கொடையாளர் வரிசையில் அமர்வார்கள்.

சிராங்கூன் சாலையில் அந்தப் பையனுக்குச் சோறு போட்டவர், தாம் ஒரு கோபுரத்திற்கு அடிக்கல் நாட்டுவதாகவா நினைத்திருப்பார்? நாம் கொடுப்பது எங்கே போய் எப்படி முளைக்கும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். கொடுப்பது மட்டும் நம் கடமை. வெளியே வாசலில் உண்டியலுக்குப் பக்கத்தில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். முதல் பெயராக என் தாயாரின் பெயரில் என்னால் இயன்ற தொகையை எழுதிவிட்டுத்தான் மேடை ஏறினேன். இரண்டாவது வரி உங்களுக்காகக் காத்திருக்கிறது.

எல்லாம் வல்ல இறைவன் அனைவருக்கும் நலமும் வளமும் அருள்வானாக.