'அண்மை' என்னும் சொல்லும் வீடு வாங்கலும்



'பெருவிரைவு ரயில் நிலையத்திற்கு அருகில்' என்னும் தொடரை வீட்டு விளம்பரங்களில் அடிக்கடி காண்கிறோம். 'அருகில்' என்பது அளவு சுட்டாத சொல். விற்பவருக்கு அது இனிப்பதில் வியப்பில்லை. அதனினும் நுட்பமானது 'அண்மை'. 'ஊருக்கு அண்மையில் ஏரி' என்னும்போது இடத்தையும், 'அண்மையில் வந்தார்' என்னும்போது காலத்தையும் அது குறிக்கிறது. வீடு தேடுவோர் இவ்விரு பொருளையும் சேர்த்தே எண்ணவேண்டும்.

சிங்கப்பூரின் வடக்கு-கிழக்குப் பாதையில் 2003 ஜூனில் ரயில்கள் ஓடத் தொடங்கின. அப்பாதையில் கட்டப்பட்ட புவாங்கோக் நிலையமோ, பயணிகள் போதாரெனக் கருதப்பட்டு, 2006 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது; வுட்லீ நிலையம் 2011 ஜூன் வரை காத்திருந்தது. நிலையம் கண்ணெதிரே நின்றும் அக்கம்பக்கத்தார் ரயிலேற வேறிடம் செல்லவேண்டியிருந்தது. இடத்தால் அண்மை, காலத்தால் சேய்மை! ஆகவே, 'வரவிருக்கும் நிலையம்' என்று கேட்டால், அந்தப் பெயரெச்சத்தை நாம் ஐயத்தோடு நோக்குவது நன்று.

திறந்துவிட்ட நிலையமாயினும் வரைபடத்தில் காணும் நேர்கோடு நாம் நடக்கும் வழியன்று. இடையே பெருஞ்சாலை உண்டா, மழைக்குக் கூரையிட்ட நடைபாதை உண்டா, வீட்டு முதியவர் எத்தனை நிமிடத்தில் நடப்பார் என்பவற்றை ஒரு வேலைநாள் காலையில் நேரில் நடந்தே அறியவேண்டும். மேம்பாலத்தில் ரயில் ஓடும் இடமாயின், சன்னலைத் திறந்து சற்று நேரம் அமர்ந்து கேளுங்கள்.

காலக்கணக்கு இன்னொன்றும் உண்டு. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளின் குத்தகை 99 ஆண்டு. நிலையத்தை ஒட்டிய பழைய வீடாயின், அதில் எஞ்சியிருப்பது எவ்வளவு என்பதை முதலில் கேட்டறிக. விலை பேசுவது பிறகு.