வீட்டிலிருக்கும் முதியோரும் தொழில்வழிச் சிகிச்சையும்

பக்கவாதம், மூட்டுத் தேய்மானம், நடுக்குவாதம், மறதிநோய் போன்றவற்றால் தளர்ந்த முதியவர் ஒருவர், குளித்தல், உடுத்தல், உண்ணல், சமைத்தல், கோயிலுக்குச் சென்று வருதல் முதலிய அன்றாடச் செயல்களை இயன்றவரை தாமே செய்துகொள்ளும்படி பயிற்றுவிப்பதும், அதற்கேற்ப வீட்டையும் புழங்கும் பொருள்களையும் திருத்தியமைப்பதும் தொழில்வழிச் சிகிச்சையின் பணியாகும். மருத்துவமனைகளில் இதனை ஆக்குபேஷனல் தெரபி என்பர். இயன்முறை மருத்துவராகிய பிசியோதெரபிஸ்ட், தசையின் வலுவையும் மூட்டின் அசைவையும் மீட்டுத்தர முனைகிறார். மீண்ட வலுவைக் கொண்டு அம்முதியவர் தம் சட்டையைத் தாமே மாட்டிக்கொள்ள வழிகாண்பவர் தொழில்வழிச் சிகிச்சையாளர்.

இந்தியாவில் இத்துறைக்கு வித்திட்டவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் எலிசபெத் லண்டியாகப் பிறந்து, இந்தியர் ஒருவரை மணந்த அவர், 1950இல் பம்பாயின் கே.இ.எம். மருத்துவமனையில் இதற்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படியே தமிழ்நாட்டு மக்களில் பத்தில் ஒருவருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர் என்பதால், இத்துறையின் தேவை இன்று பெரிதும் மிகுந்துள்ளது.

மருத்துவமனையின் சமதளத்தில் கைப்பிடியைப் பற்றி நன்றாக நடந்தவர், வீடு திரும்பியதும் நிலைப்படியிலும் ஈரத் தரையிலும் குந்தி அமரவேண்டிய கழிப்பறையிலும் தடுமாறுவது இயல்பே. ஆகவே, வீட்டுக்கு வரும் சிகிச்சையாளர், “குளிக்க முடிகிறதா?” என்று கேட்டு நிறுத்திக்கொள்ளாமல், செயலைச் செய்துகாட்டச் சொல்லி உடனிருந்து பார்க்கிறார். குளியல் என்பது படி தாண்டுதல், வழுக்கும் தரையில் திரும்புதல், குனிந்து நீர் மொள்ளுதல், கண்ணை மூடியபடி தலைக்கு ஊற்றுதல், நழுவிய சோப்பைத் தேடுதல், ஈரக் காலோடு ஒற்றைக் காலில் நின்று உடுத்துதல் எனப் பல செயல்களின் தொடர். இவற்றுள் எந்த இடத்தில் அவர் தயங்குகிறார், எதைப் பற்றுகிறார் என்பதைக் கண்டறிந்தால்தான் தீர்வு பிறக்கும். உட்கார்ந்து குளிக்க ஓர் உறுதியான நாற்காலி, குனியாமல் மொள்ளும் உயரத்தில் முக்காலிமேல் வாளி, கைக்கெட்டும் வலைப்பையில் சோப்பு ஆகியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. பலரும் தடுமாறும்போது பற்றுகிற துண்டுக் கம்பி உடலின் பாரத்தைத் தாங்கச் செய்யப்பட்டதன்று. ஆதலால் சுவரில் ஆழமாகத் திருகிய கைப்பிடியே வேண்டும்.

உடுத்துவதற்கும் முறை உண்டு. பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்தவர், கட்டிலோரம் கால் ஊன்றி அமர்ந்து, அணியும்போது அந்தக் கையை முதலில் நுழைக்கவும், கழற்றும்போது நல்ல கையை முதலில் விடுவிக்கவும் பழகுகிறார். ரவிக்கையின் கொக்கிகளுக்குப் பதில் வெல்க்ரோ ஒட்டுப்பட்டை தைத்துவிட்டால், ஒரே கையால் அதனை மூடலாம். வாசலில் சாய்தளம் கட்டுவோர், ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்னும் கணக்கைப் பெரும்பாலும் விட்டுவிடுவதால், சக்கர நாற்காலியைத் தள்ள முடியாத செங்குத்தான சரிவே மிஞ்சுகிறது.

ஆயினும், இப்பணியைக் கைப்பிடி பொருத்துவதாகச் சுருக்கிவிடலாகாது. சிட்னியில் 530 முதியோரைக் கொண்டு நடத்தப்பட்டு 1999இல் வெளியான ஆய்வு ஒன்று, முந்தைய ஆண்டில் விழுந்திருந்தவர்களிடையே, சிகிச்சையாளர் வீட்டுக்கு வந்துசென்ற பின் விழுதல்கள் குறைந்ததைக் காட்டியது. ஓராண்டுக்குப் பின் பார்த்தபோது, பரிந்துரைத்த மாற்றங்களில் ஏறக்குறைய பாதிதான் நடைமுறையில் இருந்தன. விழுதல்களோ வீட்டுக்கு வெளியிலும் குறைந்திருந்தன. வீட்டின் திருத்தங்கள் மட்டுமின்றி, நடமாடும் பழக்கத்தில் நேர்ந்த மாற்றமும் காரணமாகலாம் என ஆய்வாளர்கள் கருதினர். தம் உடலின் எல்லையைத் தாமே உணர்ந்து நடக்கக் கற்றவருக்கு அக்கல்வி தெருவிலும் துணைவரும் என்பதே இதன் பொருளாகத் தோன்றுகிறது.

தமிழ்க் குடும்பங்களில் இதற்குப் பெருந்தடையாக நிற்பது புறக்கணிப்பைக் காட்டிலும் அன்புதான் என்று சொல்வது மிகையன்று. “நீங்க சும்மா உட்காருங்கம்மா, நான் பார்த்துக்கிறேன்” என்று மருமகள் பரிவோடு காப்பி டம்ளரை வாங்கும்போது, அந்தத் தாய் இழப்பது ஒரு வேலையை மட்டுமன்று. பயன்படாத கை மேலும் தளர்கிறது, அந்த வீட்டில் அவருக்கிருந்த இடமும் சுருங்குகிறது. நல்ல சிகிச்சையாளர், “அன்றாட வேலைகளுள் எதைக் கட்டாயம் நீங்களே செய்ய விரும்புகிறீர்கள்?” என்று அந்தத் தாயிடமே கேட்கிறார். தம் காப்பியைத் தாமே போட்டுக்கொள்ள வேண்டும் என்பது விடையானால், கனம் குறைந்த பாத்திரம், அடுப்பருகே உயரமான இருக்கை, சூடான பாத்திரத்தைத் தூக்காமல் மேடைமீதே நகர்த்தும் பழக்கம் என அனைத்தும் அவ்விருப்பத்தையொட்டி அமைகின்றன. அருகில் நின்று காத்திருக்கும் பொறுமையை வீட்டாருக்குக் கற்பிப்பதும் சிகிச்சையின் பகுதியே. பல வீடுகளில் அதுவே கடினமான பகுதியும் ஆகும்.

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், இயன்முறை சிகிச்சையும் நோய்த் தணிப்புச் சேவையும் வீட்டு வாசலுக்கே வந்தன. தொழில்வழிச் சிகிச்சையும் அவ்வாறே வாசலுக்கு வரவேண்டும். அதுவரை, மருத்துவமனையிலிருந்து முதியவரை அழைத்துவரும் குடும்பத்தினர், கட்டிலின் உயரத்தையும் குளியலறைக் கதவின் அகலத்தையும் அளந்து, படுக்கையிலிருந்து கழிப்பறை வரையுள்ள வழியைக் கைப்பேசியில் படமெடுத்துச் சென்று, அங்குள்ள தொழில்வழிச் சிகிச்சையாளரிடம் காட்டி ஆலோசனை பெறலாம்.