வெயிலும் புற்றுநோயும்



பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் வெயிலுக்குப் பஞ்சம் இல்லை. வெயில் தோலில் படும்போது உடம்பு வைட்டமின் டி என்ற சத்தைத் தானே உண்டாக்குகிறது. சாளை மீனிலும் முட்டையின் மஞ்சள் கருவிலும் இந்தச் சத்து உண்டு.

இந்தச் சத்து எதற்கு? பாலிலும் கீரையிலும் உள்ள சுண்ணாம்புச் சத்தை உடம்பு ஏற்றுக்கொள்ள இது வேண்டும். இது மிகவும் குறைந்தால் எலும்பு பலம் இழக்கும். குழந்தைகளுக்குக் கால் வளையும். வயலில் வேலை செய்பவர்களுக்கு வெயில் தானே கிடைக்கிறது. பாலராமபுரத்தில் குழித்தறியில் உட்கார்ந்து நெய்பவர்களுக்கு அது குறைவு. அவர்கள் தினமும் சிறிது நேரம் வெளியே நடப்பது நல்லது.

வைட்டமின் டி புற்றுநோயைத் தடுக்குமா? பலரும் இதைக் கேட்கிறார்கள். அமெரிக்காவில் வெயில் குறைந்த பகுதிகளில் குடல் புற்றுநோயால் இறப்பவர்கள் அதிகம். 1980இல் ஆராய்ச்சியாளர்கள் இதைச் சுட்டிக்காட்டினார்கள். வைட்டமின் டி குறைவுதான் காரணமோ என்று சந்தேகித்தார்கள்.

பிறகு அங்கே 25,871 பேரிடம் ஒரு பெரிய சோதனை நடந்தது. பாதிப் பேருக்கு வைட்டமின் டி மாத்திரை கொடுத்தார்கள். மீதிப் பேருக்குச் சத்தில்லாத மாத்திரை கொடுத்தார்கள். 5 ஆண்டுகளுக்கு மேல் கவனித்தார்கள். 2018இல் முடிவு வந்தது. இரு பிரிவிலும் புற்றுநோய் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வந்தது.

ஆகவே புற்றுநோய்க்குப் பயந்து இந்த மாத்திரையைக் கடையில் வாங்க வேண்டாம். அளவு மீறினால் சிறுநீரகம் கெடும். டாக்டர் சொன்னால் மட்டும் சாப்பிடுங்கள்.

அப்படியானால் புற்றுநோயிலிருந்து தப்ப வழி இல்லையா? உண்டு. ஒரு வழி இந்தத் திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே சோதிக்கப்பட்டது. 1996இல் மண்டலப் புற்றுநோய் மையம் 13 பஞ்சாயத்துகளில் ஓர் ஆய்வு தொடங்கியது. அவற்றில் 7 பஞ்சாயத்துகளில் பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகச் சென்றார்கள். 35 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் வாயைப் பார்த்தார்கள். ஊசி இல்லை. மாத்திரை இல்லை. கண்ணால் பார்ப்பதுதான் சோதனை.

2005இல் முடிவு வெளியானது. புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்றுநோய்ச் சாவு, சோதிக்காத பஞ்சாயத்துகளைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

வெற்றிலையோடு புகையிலை போடுபவர்களே! பீடி பிடிப்பவர்களே! அதை விடுங்கள். கண்ணாடியில் வாயைப் பாருங்கள். வெள்ளைத் திட்டு இருக்கிறதா? சிவந்த திட்டு இருக்கிறதா? இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருக்கிறதா? வாய் திறக்கச் சிரமமா? உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலி இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். ஆரம்பத்தில் வலி இருக்காது. ஆரம்பத்தில் கண்டால் குணப்படுத்தலாம்.

வெயில் எலும்பைக் காக்கும். புகையிலையை விட்டால் வாய் பிழைக்கும்.