ஆகாய ஆற்றுப்படை



பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வழியில் எதிர்ப்படும் வறிய கலைஞனுக்கு, 'இன்ன வழியே செல், இன்னாரைக் காண்பாய்' என்று சொல்லி அனுப்புவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் இவ்வகை நூல்கள் ஐந்து உள்ளன. அவற்றுள் பொருநராற்றுப்படையில் முடத்தாமக் கண்ணியார் காட்டும் ஓர் இடம் மறக்க முடியாதது. கரிகாற் சோழனிடம் வந்து சேர்ந்த பொருநன் உடுத்தியிருந்தது வேர்வையில் ஊறி, பல இடங்களில் தைக்கப்பட்டு, பேன் குடியிருந்த கந்தல். மன்னன் அதனை நீக்கிப் புத்தாடை தருகிறான். விருந்து அதன் பிறகே வருகின்றது. வழிப்போக்கனின் உடற்சுத்தம் அவன் மானத்தோடு சேர்ந்தது என்பதைப் புலவர் அறிந்திருந்தார்.

நம் முன்னோர் இம்மலைநாட்டுக்கு வந்தபோது அப்படி ஒரு மன்னன் எதிர்கொள்ளவில்லை. தலைமன்னாரில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். கொலராவுக்கும் பசிக்கும் பலர் பலியானார்கள். 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற்சேவை தொடங்கியது. பின்னர் மண்டபம் முகாமில் ஆட்களைத் தடுத்து வைத்து, அம்மை குத்தி, துணிகளுக்குக் கிருமிநீக்கம் செய்து அனுப்பினார்கள். சுத்தம் அங்கே ஒரு கட்டளை. தோட்டத்துக்கு நோய் வந்துவிடக் கூடாதே என்ற அச்சம்தான் அதன் காரணம். பயணியின் சௌகரியம் யார் கணக்கிலும் இல்லை.

இன்று அவர்களின் பேத்திகள் கினிகத்தேனையில் இரவு வேனில் ஏறி, கித்துல்கல வளைவுகளைக் கடந்து, கட்டுநாயக்கவில் விமானமேறி வளைகுடா நாடுகளுக்குப் போகிறார்கள். கடவுச்சீட்டு, வைத்தியப் பரிசோதனை, ஒப்பந்தம் எல்லாவற்றையும் பற்றிச் சொல்ல ஆள் உண்டு. அந்த ஆசனத்தில் நாலரை, ஐந்து மணி நேரம் எப்படி இருப்பது என்று சொல்வார் இல்லை. ஆகவே ஒரு சிறு ஆற்றுப்படை.

மலைநாட்டவருக்கு விமானத்தின் காற்று முற்றிலும் புதியதன்று. அது பறப்பது முப்பதாயிரம் அடிக்கு மேலே. ஆனால் உள்ளே காற்றழுத்தத்தை ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பதுபோல் வைத்திருப்பார்கள். நுவரெலியாவின் உயரம் 6,128 அடி. வேறுபாடு ஈரத்தில் உள்ளது. கினிகத்தேனையில் கொடியில் போட்ட சேலை காய இரண்டு நாளாகும். விமானத்திலோ காற்றின் ஈரப்பதன் பெரும்பாலும் நூற்றுக்கு இருபதுக்கும் குறைவு. உதடு வெடிக்கும், கண் உறுத்தும், தொண்டை வறளும். எனவே தண்ணீர் குடிக்க வேண்டும்.

இங்கேதான் சங்கடம். கழிவறைக் கதவை எப்படித் திறப்பது, பூட்டுவது என்று தெரியாத கூச்சத்தினால் தண்ணீரே குடிக்காமல், எழும்பாமல், மடியில் பையை அணைத்தபடி இருந்துவிடுபவர்கள் உண்டு. கால் வீங்கும். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாது இருந்தால் கால் நரம்பில் இரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இருமடங்காகிறது என உலக சுகாதார ஸ்தாபனம் 2007 இல் அறிவித்தது. ஆபத்து சிறிதுதான், ஆயினும் தவிர்க்கக் கூடியது. மணிக்கொரு தரம் எழுந்து நடக்கலாம். இருந்தபடியே குதிக்காலைத் தூக்கி இறக்கலாம். கதவில் உள்ள தாழ்ப்பாளை நகர்த்தினால்தான் பூட்டும். சில விமானங்களில் அப்போதுதான் விளக்கும் முழுதாக எரியும். தெரியாவிட்டால் பணிப்பெண்ணைக் கேட்கலாம். அது அவர் கடமை.

இறுக்கமில்லாத பருத்தி உடை நல்லது. கைப்பையில் ஒரு மாற்றுடை, சிறு துவாய், பெண்களுக்குத் தேவையானவை இருக்கட்டும். நூறு மில்லிலீற்றருக்கு மேற்பட்ட திரவப் போத்தலைப் பெரும்பாலான விமான நிலையங்களில் உள்ளே விடமாட்டார்கள். வெறும் போத்தலைக் கொண்டுபோய்ச் சோதனை முடிந்த பின் நிரப்பிக்கொள்ளலாம். கழிவறைக் குழாய்த் தண்ணீரில் துவாயை நனைத்து முகம் துடைக்கலாம். அதைக் குடிக்கக் கூடாது. முன்னாலுள்ள உணவுத் தட்டில் எத்தனையோ பேர் கை வைத்திருப்பார்கள். அதனைத் துடைத்து, கைகழுவியே உண்ணுங்கள். சப்பாத்தைக் கழற்றினாலும் கழிவறைக்கு வெறுங்காலுடன் போக வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஆசனம் பணம் கொடுத்து வாங்கியது. பணத்தை யார் கட்டியிருந்தாலும் அந்தப் பயணம் முடியும்வரை அது உங்களுடையது. வழிவிடச் சொல்லிப் பக்கத்தில் இருப்பவரை எழுப்புவது குற்றமாகாது. போர்வை கேட்பது யாசகமாகாது. பிறர் வீட்டைத் துடைத்துச் சுத்தமாக வைக்கப் போகும் பெண், தன்னைச் சுத்தமாகவும் சுகமாகவும் வைத்துக்கொள்ளக் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஆற்றுப்படை பாடத் தகுதி பெற்றவன் அவ்வழியே சென்று மீண்டவன். மலைபடுகடாத்தில் எந்தப் பாறை வழுக்கும், எந்தத் துறையில் கவனமாக இறங்க வேண்டும் என்பதெல்லாம் சொல்லப்படுகிறது. போய் வந்த சகோதரிகள் நம் லயங்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கொண்டு வந்த பொருள்களைக் காட்டுவதோடு நிறுத்தாமல், இஸ்தோப்பில் உட்கார்ந்து, அடுத்துப் போகிறவளுக்கு இந்தச் சின்ன விஷயங்களையும் சொல்லிக் கொடுங்கள்.