பித்தளைக் குழலும் பேண்டு மாஸ்டரும்
(தில்லியில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இசை பற்றிப் பேசுவோர் யாழையும் குழலையும் நாகசுரத்தையும் போற்றுவது மரபு. நாம் பேச எடுத்துக்கொண்டதோ, தில்லித் தெருக்களில் மணமகனின் குதிரைக்கு முன்னே முழங்கிச் செல்லும் பேண்டு வாத்தியம். அதிலும் சிறப்பாக, அதனைக் கற்பித்துத் தானும் ஊதிப் பிழைக்கும் பேண்டு மாஸ்டர். தமிழ்ச் சங்க மேடைக்கு இது பொருந்துமோ எனச் சிலர் ஐயுறக்கூடும். அவர்கள் தஞ்சைக்குச் சற்றே திரும்ப வேண்டுகிறோம்.

1798 முதல் 1832 வரை தஞ்சையில் வீற்றிருந்த இரண்டாம் சரபோசி மன்னர், மேனாட்டுக் கருவிகள் கொண்ட பேண்டுக் குழுவைத் தம் அரண்மனையில் வைத்திருந்தார். அக்காலத்திலேயே முத்துசாமி தீட்சிதர், சென்னைக் கோட்டைப் பேண்டின் மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு வடமொழியில் சாகித்தியம் அமைத்தார். ஏறத்தாழ நாற்பது உருப்படிகள். நோட்டுசுரங்கள் என இன்றும் குழந்தைகளுக்குக் கற்பிக்கப்படுகின்றன. ஆங்கில நாட்டு மன்னர் வாழ்த்தின் மெட்டும் அவற்றுள் ஒன்று. அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் பயின்றார். அது நம் கச்சேரியில் நிலைத்துவிட்டது. வயலினை வீட்டுக்குள் அழைத்த நாம், பித்தளைக் குழலை மட்டும் வாயிலிலேயே நிறுத்திவிட்டோம்.

காரணம் இல்லாமல் இல்லை. ட்ரம்பெட்டில் மூன்றே பொத்தான்கள். முதலாவது ஒரு முழுச்சுரம் இறக்கும், இரண்டாவது அரைச்சுரம், மூன்றாவது ஒன்றரை. எஞ்சிய யாவும் உதட்டின் இறுக்கத்தாலும் மூச்சின் வேகத்தாலும் பிறக்க வேண்டும். நாகசுரத்தில் சீவாளியும் விரலும் எளிதில் தரும் கமகத்தை இங்கே உதடு ஒன்றே வளைத்துத் தர வேண்டும். கத்ரி கோபால்நாத் (1949–2019) சாக்சபோனில் சில மாற்றங்கள் செய்து கருநாடக இசையை வாசித்துக் காட்டினார். ஆயினும் சாக்சபோன் பித்தளையால் ஆனதேயன்றிப் பித்தளை இனத்தைச் சேர்ந்ததன்று. நாணல் வைத்து ஊதுவதால் அதனை மரக்குழல் இனத்தில் சேர்ப்பர். விந்தையான வகைப்பாடுதான்.

ரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரியும் நாம், கார்த்திகை ஏகாதசிக்குப் பின் வட நாட்டு மணப்பருவம் தொடங்கியதும், துணியில் சுற்றிய குழல்களுடன் இக்குழுவினர் நடைமேடையில் இறங்குவதைப் பலமுறை கண்டிருக்கிறோம். ஒருமுறை மாஸ்டர் ஒருவர் தம் சிறுவனுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். குழல் குளிர்ந்தால் சுருதி இறங்கிவிடும்; ஆகவே ஊதும் முன் வெறுமனே மூச்சை விட்டுச் சூடேற்று என்றார். குழலில் தேங்கும் நீரை வடிக்கக் காட்டினார். தில்லிக் குளிரில் இது ஏட்டுக் கல்வியன்று, பிழைப்புக் கல்வி.

அடுத்தது பாட்டமைக்கும் கல்வி. புதிய திரைப்பாடல் வெளிவந்ததும் மாஸ்டர் அதனைக் காதால் கேட்டுப் பகிர்ந்தளிக்கிறார். பாடகர் குரல் ட்ரம்பெட்டுக்கு; இடையில் வயலின்கள் இசைத்தவை யூபோனியத்துக்கு; தாளம் முரசுகளுக்கு. நூறு கருவிகள் ஒலித்த பாடலைப் பன்னிருவர் நடந்துகொண்டே வாசிக்கும்படி மாற்றுவது எளிய செயலோ? மூன்றாவது பாடம் பணத்தைப் பற்றியது. கடை முதலாளி பருவத் தொடக்கத்தில் தரும் முன்பணம், மணமில்லாத மாதங்களுக்கு எடுத்து வைக்க வேண்டிய தொகை, பேரம் பேசும் மண வீட்டாரிடம் எந்த இடத்தில் இறங்கக்கூடாது என்பது எல்லாம் அதில் அடங்கும். அச்சாரம் வாங்கும் நம் நாயனக்காரர்கள் இதனை நன்கு அறிவர்.

இக்குழல்களுள் பல அண்மையிலுள்ள மீரட்டில், ஜாலி கோட்டி என்னும் தெருவில் உருவாகின்றன. அங்குள்ள நாதிர் அலி நிறுவனம் 1885-இல் பேண்டுக் குழுவாகத் தொடங்கிப் பின்னர்க் கருவி செய்யும் தொழிலுக்கு வந்தது. படைக்கு வேண்டிய பேண்டினரைப் பயிற்றப் பச்மரியில் 1950-இல் பள்ளி தோன்றியது. படைத் தலைவர் கரியப்பா அதற்கு ஆதரவளித்தார். அத்தகைய பயிற்சியின் விளைவை ஆண்டுதோறும் சனவரி 29 மாலை விஜய் சௌக்கில் கண்டு கைதட்டுகிறோம். அதே கருவியை அதே வாரம் மண ஊர்வலத்தில் ஊதுவோனைக் கண்டால் ஒதுங்கி நடக்கிறோம்! சீருடை அளவுக்கா மரியாதை?

இப்போது அவர்கள் நிலை இறங்குமுகம். 2000-ஆம் ஆண்டு ஒலி விதிகளின்படி இரவு பத்து மணிக்குமேல் வெளியில் வாசித்தல் ஆகாது, நல்ல விதிதான். ஆனால் நம் இல்ல மணங்களில் ஊர்வலம் தொடங்குவதே ஒன்பதரைக்கு. ஊதியவர் பாதியில் நிற்க, ஊதியத்திலும் பாதி பிடிக்கிறோம். 2020-இல் பெருந்தொற்றின்போது மணத்துக்கு ஐம்பது பேர் என்ற வரம்பு வந்தது. அந்த ஐம்பதில் பேண்டினருக்கு இடம் வைத்தவர் எத்தனை பேர்? ஒலிபெருக்கி வண்டி மலிவு என்கிறார்கள். மாஸ்டரின் மகனும் அவ்வாறே எண்ணி வேறு வேலைக்குச் சென்றால், மூன்று பொத்தான்களின் நுட்பம் யாருக்குக் கைமாறும்?

ஆதலின் செயற்குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். வரும் ஆண்டு விழாவுக்குப் பேண்டுக் குழு ஒன்றை அழைத்து, வாயிலில் நிறுத்தாமல் இம்மேடையில் அமர்த்தி, தீட்சிதரின் நோட்டுசுரங்களுள் இரண்டை வாசிக்கச் செய்யவேண்டும். மெட்டை ஒரு திங்கள் முன்பே மாஸ்டரிடம் கொடுத்துவிட வேண்டும். பேசிய தொகையை அன்றே தரவேண்டும். இலையில் முதற் பந்தியில் உணவிட வேண்டும். கணக்கெழுதும் பொறுப்பை வேண்டுமானால் நாமே ஏற்கிறோம்.