கடப்பாரை பட்ட மோவாய்

ஆங்கிலத்தில் 'ஹியூமனைஸ்' என்று ஒரு வினைச்சொல் உண்டு. மனிதரல்லாத ஒன்றுக்கு மனித இயல்பைக் கொடுப்பது அதன் ஒரு பொருள். முரட்டுக் குணத்தைப் போக்கி நெஞ்சில் ஈரம் சுரக்கச் செய்வது இன்னொரு பொருள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. வேர் லத்தீனில் இருக்கிறது. அங்கே 'ஹூமானுஸ்' என்றால் மனிதருக்குரியது. அதற்கு உறவான 'ஹுமுஸ்' என்ற சொல்லுக்கு மண் என்று பொருள். தேவர்கள் வானத்தார், நாம் மண்ணார் என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்குச் சித்தூர்ப் பக்கத்து மண்தான் நினைவுக்கு வந்தது.

சித்தூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் காணிப்பாக்கம். பார்வையில்லாத ஒருவர், காது கேளாத ஒருவர், வாய் பேசாத ஒருவர் என்று மூன்று சகோதரர்கள் அங்கே ஒரு காணி நிலத்தில் பயிர் செய்துவந்தார்கள். கிணற்றில் நீர் வற்றியது. ஆழப்படுத்த இறங்கித் தோண்டினார்கள். இரும்பு ஒரு கல்லில் பட்டது, கல்லிலிருந்து ரத்தம் பெருகியது. அந்தக் கல்தான் பிள்ளையார் என்கிறது தலபுராணம். கோயிலை முதலாம் குலோத்துங்க சோழன் கட்டினான் என்பார்கள். வழக்கு முற்றினால் "காணிப்பாக்கத்துக்கு வந்து சத்தியம் பண்ணு" என்று அழைப்பது அந்த வட்டாரத்தில் இன்றும் உண்டு. வலி அறிந்த சாமி என்பதால்தான் அந்தச் சந்நிதியில் பொய் சொல்ல நா எழுவதில்லை என்று நான் நினைக்கிறேன்.

திருமலையில் நடந்ததாகச் சொல்லப்படுவதும் இதே போன்றதுதான். ராமானுஜர் காலம். மலையில் நந்தவனம் அமைத்துப் பெருமாளுக்குப் பூமாலை கட்ட அனந்தாழ்வானை அவர் அனுப்பினார். நந்தவனத்துக்கு நீர் வேண்டும். ஏரி வெட்ட ஆரம்பித்தார் அனந்தாழ்வான். அவர் கடப்பாரையால் மண்ணைப் பெயர்க்க, நிறைமாதக் கர்ப்பிணியான மனைவி கூடையில் சுமந்துபோய்க் கொட்டினாள். ஒரு சிறுவன் உதவ வந்தான். கைங்கரியத்தில் பங்கு தரமாட்டேன் என்று அவனை விரட்டிவிட்டார். ஆனால் மனைவி கூடையோடு போன வேகத்தில் திரும்பி வருகிறாள். என்னவென்று பார்த்தால், பாதி வழியில் சிறுவன் கூடையை வாங்கிக்கொள்கிறான். கோபத்தில் கடப்பாரையை வீசினார். சிறுவனின் மோவாய் கிழிந்தது, ஓடி மறைந்தான். பிறகு சந்நிதியில் பார்த்தால் பெருமாளின் மோவாயில் ரத்தம். பதறிப்போன அனந்தாழ்வான் பச்சைக் கர்ப்பூரத்தை வைத்து அழுத்தினார்.

தொல்காப்பியர் இதைக் கேட்டிருந்தால் வியந்திருக்க மாட்டார். உயர்திணை என்று அவர் சொன்னது மக்களைத்தான். தெய்வத்தைக் குறிக்கும் பெயர்களுக்குத் தனி விகுதி கிடையாது, உயர்திணைக்குரியதைக் கொண்டே அவை வழங்கும் என்று இலக்கணம் வகுத்துவிட்டார். வந்தான் என்றாலும் வந்தாள் என்றாலும் மனிதருக்குச் சொல்வதைத்தான் சாமிக்கும் சொல்கிறோம். திருமலையில் விடியற்காலை சுப்ரபாதம் பாடி எழுப்புவதும், இரவு ஏகாந்த சேவையில் போக ஸ்ரீநிவாச மூர்த்தியைக் கட்டிலில் கிடத்தித் தாலாட்டுப் பாடுவதும் இந்த மன வழக்கத்தில் வந்தவையே.

என்னைப் பிடித்து நிறுத்துவது அனந்தாழ்வானின் மாற்றம். தொண்டு தன்னுடையது என்ற பிடிவாதத்தில், வயிற்றுப் பிள்ளையோடு மண் சுமக்கும் மனைவியின் களைப்பு அவர் கண்ணில் படவில்லை. அதைப் பார்த்து இரங்கியவன் அந்தச் சிறுவன். ரத்தத்தைக் கண்ட பிறகுதான் இவருடைய கை நடுங்கியது. கல்லில் நின்றவனுக்கு வலித்தது. கல்லாக இருந்த மனிதருக்கு நெஞ்சு கரைந்தது. ஆங்கிலச் சொல்லின் இரண்டு பொருளும் கடப்பாரையின் ஒரே வீச்சில் நடந்துவிட்டன.

பெருமாளின் மோவாயில் இன்றும் பச்சைக் கர்ப்பூரம் வைக்கிறார்கள். அந்தக் கடப்பாரை என்று சொல்லப்படுவதும் அங்கேயே இருக்கிறது. மகாதுவாரத்துக்குள் நுழைகையில் வலப்பக்கச் சுவரில், உயரத்தில் மாட்டியிருக்கிறது. வரிசை தள்ளுகிற வேகத்தில் பலரும் அதைக் கவனிப்பதில்லை. அடுத்த முறை போகும்போது, உள்ளே காலெடுத்து வைத்ததும் ஒரு நொடி அண்ணாந்து பாருங்கள்.