மூன்று முறை தட்டிய கதவு



ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர் நம் பெரியோர். நாட்டு மக்களின் வாழ்க்கை நிலையை அளந்தறிய முயலும் புள்ளியியலாரும் இந்த வழியையே பின்பற்றுகின்றனர். பேராசிரியர் மகலனோபிஸ் அவர்களின் முயற்சியால் 1950-ஆம் ஆண்டில் தோன்றிய தேசிய மாதிரி ஆய்வு, ஒவ்வொரு வீட்டுக்கும் செல்வதில்லை. சீட்டுக் குலுக்கி எடுத்தாற்போலத் தேர்ந்த சில வீடுகளுக்கே செல்கிறது.

அவ்வாறு தேர்ந்த வீடு பூட்டிக் கிடந்தால் என்ன செய்வது? அடுத்த வீட்டில் விசாரித்து எழுதிக்கொண்டால் போதாதா என்று நமக்குத் தோன்றும். தேசியக் குடும்ப நல ஆய்வில் அதற்கு இடமில்லை. அதே வீட்டுக்குக் குறைந்தது மூன்று முறையேனும் சென்று பார்த்த பின்னரே, ஆள் இல்லை என்று குறிக்கலாம். பகலில் வீட்டில் இருப்போரை மட்டும் கேட்டறிவது, பானையைக் கிளறாமல் மேலாக இருக்கும் சோற்றை மட்டும் பதம் பார்ப்பதை ஒக்கும்.

2019 முதல் 2021 வரை நடந்த அந்த ஆய்வின் ஐந்தாம் சுற்றில், தேர்ந்த பெண்களில் நூற்றுக்கு 97 பேர் விடையளித்தனர்; ஆண்களிலோ 92 பேரே அகப்பட்டனர். காரணத்தை ஊகிப்பது கடினமன்று. பிழைப்புக்காக வெளியே செல்வோரைப் பிடிப்பது அரிது.

திருவனந்தபுரத்தில் வாழும் நமக்கு இது புதிய செய்தியன்று. வளைகுடா நாடுகளுக்குச் சென்றோரின் பூட்டிய வீடுகளை நாள்தோறும் காண்கிறோம். கேரளத்தில் காலியாக உள்ள வீடுகள் பத்து இலட்சத்துக்கும் மேல் என்று 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு கூறிற்று. சாலைக் கடைத்தெருவில் தொழில் நடத்தும் நம்மவர் பலர், காலையில் கடைக்குப் போனால் இரவில்தான் வீடு திரும்புவர். கணக்கெடுப்பவர் மூன்று நாளும் முற்பகல் பதினொரு மணிக்கே வந்து தட்டினால், அது மூன்று வருகையாகாது. ஒரே வருகை மூன்று தடவை நிகழ்ந்ததாகும். பிழைக்க வந்த இடத்தில் நம் குடும்பம் கணக்கிலிருந்து விடுபட்டுப் போகும். பள்ளிக்கும் குடிநீருக்கும் மருத்துவமனைக்கும் திட்டம் தீட்டுவோர் அக்கணக்கையே நம்புவர்.

அப்படியானால் பத்து முறை வரட்டுமே எனலாம். அதுவும் தகாது. பணமும் காலமும் விரயமாவது ஒருபுறம். வீட்டாரின் பொறுமை அழிவது மறுபுறம். 2025 ஜனவரி முதல், தொழிலாளர் பற்றிய தேசிய ஆய்வில் ஒரே வீட்டுக்குத் தொடர்ந்து நான்கு மாதங்கள் செல்லும் முறை வந்திருக்கிறது. முதல் மாதத்தில் வெறுப்பூட்டினால் அடுத்த மூன்று மாதமும் கதவு திறவாது. அமெரிக்காவில் பியூ ஆய்வு நிலையம் தொலைபேசி வழியே கேட்ட கேள்விகளுக்கு 1997-இல் நூற்றுக்கு 36 பேர் விடையளித்தனர். 2018-இல் ஆறு பேரே விடையளித்தனர். ஓயாமல் ஒலிக்கும் மணிக்கு மனிதர் செவிசாய்க்காமற் போவது இயல்பு.

1949-இல் பொலிட்ஸ், சிம்மன்ஸ் என்னும் இருவர் ஒரு வழி கூறினர். வீட்டில் அகப்பட்டவரை, ‘சென்ற ஐந்து நாள் மாலைகளில் எத்தனை மாலை வீட்டில் இருந்தீர்?’ என்று கேட்க வேண்டும். அரிதாக இருப்பவரின் விடைக்கு மிகுதியான எடை தர வேண்டும். அவரைப் போன்ற பலர் அகப்படாமற் போயிருப்பர் அல்லவா! இது நுட்பமான வழியே. எனினும் ஒருபோதும் அகப்படாதவருக்கு இது பயன்படாது.

ஆகவே, வருகைக்கு வரம்பு வேண்டும். அவ்வரம்பு எண்ணிக்கையில் மட்டும் அமைதல் போதாது. காலை ஒருமுறை, மாலை ஒருமுறை, விடுமுறை நாளில் ஒருமுறை என நேரம் மாறி வருதல் வேண்டும். ‘விருப்பமில்லை’ என்று ஒருவர் தெளிவாகக் கூறிவிட்டால், விருப்பத்தை நம்பி நடக்கும் ஆய்வு அத்துடன் நிற்றல் வேண்டும். பூட்டிய கதவும் மறுத்த சொல்லும் ஒன்றல்ல.

நமக்கும் ஒரு கடமை உண்டு. வருபவரின் அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். அப்போது ஓய்வில்லையெனில், எந்த நாள், எந்த நேரம் வந்தால் காணலாம் என்று சொல்லி அனுப்புங்கள். அந்த ஒரு சொல் அவருக்குப் பல நடையை மிச்சப்படுத்தும். நம்மையும் கணக்கில் சேர்க்கும்.